குண்டுக்கு முந்தி வந்த ஓட்டை

ஆனைக்கல்பட்டி ரைபிள் கிளப்பில் யாரும் சுடுவதற்கு முன்பே டார்கெட்டில் ஓட்டை விழ ஆரம்பித்த வருஷம், பிலோமினாவின் வலது மணிக்கட்டு ஒரு சொம்புத் தண்ணீரைக்கூடத் தூக்க மாட்டேன் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தது. அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. கிளப்பின் தோட்டா அறையில் பதினொரு வருஷமாக வேலை. சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி வந்து, கழுவி, வெயிலில் காயவைத்து, அடியில் பொட்டுவெடி மாதிரி இருக்கும் செத்த கேப்பைத் தட்டி எடுத்து, சுட்ட சூட்டில் நீண்டுபோன கழுத்தைச் சின்னக் கை கட்டரில் மாட்டி ஒரே உயரத்துக்கு அறுத்து, வாயின் உள்ளும் புறமும் பிசிர் போக ராவி, மறுபடி மருந்து போடத் தோதாகப் பலகையில் அடுக்கி வைப்பது அவள் பொறுப்பு. ஒரு கூட்டுக்கு நாற்பது சுற்று, ஒரு நாளைக்கு இருநூறு கூடு, இப்படிப் பதினொரு வருஷம் சுற்றியதில் கூடுகளெல்லாம் ஒரே உயரத்தில் நின்றன, மணிக்கட்டு மட்டும் வீங்கி நின்றது.

அவள் புருஷன் சூசைமாணிக்கம் அதே கிளப்பில் மறுகோடியில் வேலை பார்த்தான். சுடுகிற மேடையிலிருந்து முந்நூறு மீட்டர் தள்ளி, மலையடிவார மண்மேட்டுக்கு முன்னால் டார்கெட்டுகள் நிற்கும். அதற்குக் கீழே ஆள் உயரத்துக்கு ஒரு குழி. சுடும்போது சூசை குழிக்குள் இருப்பான். சுட்டு முடித்துச் சிவப்புக் கொடி ஏறியதும் மேலே வந்து, ஓட்டைகளைப் பார்த்துப் போனில் புள்ளி சொல்லிவிட்டு, மைதாப் பசை தடவிய ஒட்டுத்தாளால் ஒவ்வொரு ஓட்டையையும் அடைப்பான். பெண்டாட்டி அனுப்புகிறாள், புருஷன் வாங்கிக்கொள்கிறான் என்று கிளப்பில் சொல்லிச் சிரிப்பார்கள். பிள்ளைகள் இல்லாத அந்த இருவரும் நாள் முழுக்க முந்நூறு மீட்டர் இடைவெளியில் இருந்துகொண்டு, கைப்பிடி சுற்றும் பழைய போனில், குழம்புக்கு என்ன, ரேஷனுக்கு யார் போவது என்று பேசிக்கொள்வார்கள்.

மணிக்கட்டு மறுத்த பிறகு காலையில் அவளுக்குத் தலை பின்னிவிடுவதும் சூசைதான். இரண்டு வருஷமாகப் பின்னினான். பசை தடவிப் பழகிய விரல்கள் என்பதால் ஒரு முடி பிசகாமல் படிய வைக்கும். அவள் கண்ணாடியில் அவன் முகத்தைப் பார்ப்பாள்; ஏதோ பரீட்சை எழுதுகிறவன் மாதிரி உதட்டைக் கடித்துக்கொண்டு பின்னுவான். ஒரு நாள் அப்படிப் பின்னிக்கொண்டிருக்கும்போதே சொன்னான்:

"ஏ பிலோ, எங்க மச்சான் விட்டுட்டுப் போன டிரில் மெஷின் பரண்ல கிடக்குல்ல. அந்த கட்டரை அதோட வாயில மாட்டினா என்ன? சுத்துற வேலைய அது பாக்கட்டும். நீ கூட்டை மட்டும் பிடி."

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, டிரில்லை ஒரு மரக்கட்டையில் இரும்புப் பட்டை போட்டு இறுக்கி, கை கட்டரின் பிடியை அறுத்துக் கம்பியை மட்டும் டிரில் வாயில் கவ்வவைத்து, பிசிர் எடுக்கும் கூம்பு அரத்துக்கும் அப்படியே ஒரு கம்பி வைத்துக் கொடுத்தான். டிரில்லின் பின்பக்கம் வேகத்துக்கு ஒரு திருகு, ஒன்றிலிருந்து ஆறு வரை எண் போட்டு இருந்தது. திங்கட்கிழமை காலை ஒன்றில் வைத்து அவள் முதல் கூட்டைப் பிடித்தாள். சர்ரென்று ஒரு மூச்சு விடும் நேரம். கழுத்து அறுபட்டுப் பித்தளைத் தூள் மடியில் மஞ்சளாக விழுந்தது. இருநூறு கூட்டைப் பத்து மணிக்குள் முடித்துவிட்டு, பதினொரு வருஷத்தில் முதல் தடவையாகக் காலை வேளையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

அப்போது போன் அடித்தது.

"யாரும்மா சுடுறது? கொடி இன்னும் மேலதான இருக்கு?" என்றான் சூசை.

"யாரும் வரலையேங்க. மகுடபதி சார் இப்பத்தான் காபி குடிக்கிறாரு."

"இங்க நாலாம் நம்பர்ல ஓட்டை விழுந்திருக்கு. நான் பாத்துக்கிட்டே நிக்கும்போது இன்னொண்ணும் விழுந்துச்சு. சத்தமே இல்ல."

ரேஞ்ச் இன்சார்ஜ் மகுடபதி ராணுவத்தில் சுபேதாராக இருந்து வந்தவர். கூடுகளுக்கு மருந்து போட்டுத் தோட்டாவாக்குவது அவர் வேலை. காபியை வைத்துவிட்டுப் போய்ப் பார்த்தார், தாளை விரலால் தடவினார், ஓட்டையைச் சுற்றி ஈயத்தின் கறுப்பு வளையம்கூட இருந்தது. சூசை வழக்கம்போல ஒட்டுத்தாளை ஒட்டினான். ஒட்டிய கையை எடுத்ததும் தாள் உதிர்ந்து விழுந்தது. மூன்று தடவை ஒட்டினான், மூன்று தடவையும் விழுந்தது. கால் மணி கழித்து, டிரில்லில் கடைசியாக ராவிய இரண்டு கூடுகளுக்குச் சாம்பிளாக மருந்து போட்டு மகுடபதி நாலாம் நம்பரில் சுட்டார். இரண்டும் அந்த இரண்டு ஓட்டைகள் வழியாகவே போயின, ஓரம்கூட கிழியவில்லை. அதற்குப் பிறகு ஒட்டுத்தாள் ஒட்டியது.

"சரி, குண்டு பின்னாடி வருது. அவ்வளவுதான்" என்றார் மகுடபதி. ரெஜிஸ்டரில் அப்படியே எழுதினார்.

ஒரு மாதத்துக்குள் கணக்கு பிடிபட்டுவிட்டது. திருகு ஒன்றில் இருந்தால், கூடு ராவிய கணமே ஓட்டை விழும், குண்டு கால் மணி கழித்துப் போகும். இரண்டில் இருந்தால் ஒரு மணி நேரம். மூன்றில் அரை நாள். நாலில் ஒரு நாள். ஐந்தில் மூன்று நாள். ஆறில் ஒன்பது நாள். அதற்குள் மருந்து ஏறாத கூட்டுக்கு ஓட்டை கிடையாது. மிச்சமாகிற நேரம் எங்கேயாவது போய்ச் சேர வேண்டுமல்லவா என்று மகுடபதி சொன்னார், அதை ஒரு அட்டையில் எழுதித் தோட்டா அறைச் சுவரில் ஆணியடித்தார். அதற்கு மேல் யாரும் காரணம் கேட்கவில்லை. சுடுகிறவர்கள் காலையில் வந்ததும் நேராகக் குழிப்பக்கம் போய்த் தங்கள் டார்கெட்டைப் பார்த்துவிட்டு, இன்றைக்கு எட்டும் ஒன்பதும்தான் என்று உதட்டைப் பிதுக்கிக்கொண்டோ, நாலு பத்து இருக்கிறது என்று மீசையைத் தடவிக்கொண்டோ திரும்பி வந்து, படுத்து, ஏற்கெனவே சுட்டதைச் சுட்டார்கள். கிளப் வாசல் டீக்கடையில் காலைப் பேப்பருக்குப் பக்கத்தில் அன்றைய புள்ளிகளைச் சாக்குக்கட்டியால் எழுதிப் போட்டார்கள். கல்யாணம் ஆகாத பெண்ணின் ஜாதகக் கட்டத்தை டார்கெட்டாக வைத்துச் சுட முடியுமா என்று ஒரு அம்மாள் கேட்டு வந்தாள். மகுடபதி மரியாதையாக மறுத்தனுப்பினார். மாவட்ட அலுவலகத்திலிருந்து சோதனைக்கு வந்தவர், கொடுத்த தோட்டாவும் விழுந்த ஓட்டையும் எண்ணிக்கையில் சரியா என்று மட்டும் கேட்டார். சரியாக இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

ஒரே ஒரு தடவைதான் ஒருவர் மல்லுக்கு நின்றார். நகைக்கடை தனபால், தன் டார்கெட்டில் வெளிவட்டத்துக்கும் வெளியே ஓர் ஓட்டையைப் பார்த்துவிட்டு, இந்த அசிங்கத்தைச் சுடவே மாட்டேன் என்று அந்தத் தோட்டாவைத் தண்ணீர் நிறைந்த பிளாஸ்டிக் பக்கெட்டில் போட்டார். திருகு இரண்டில் ராவிய கூடு அது. சரியாக ஒரு மணி நேரம் ஆனதும் பக்கெட் டப்பென்று அதிர்ந்தது. பக்கெட்டின் பக்கத்தில் ஓர் ஓட்டை, அதிலிருந்து தண்ணீர் ஓட, குண்டு தானாகவே முந்நூறு மீட்டர் போய்ச் சேர வேண்டிய இடத்தில் சேர்ந்திருந்தது. யாருக்கும் அடிபடவில்லை. அன்றிலிருந்து, விழுந்த ஓட்டைக்குக் குண்டு போயே தீரும், நாம் துப்பாக்கியில் வைத்து மரியாதையாக அனுப்புவதா, அது தானாகக் கிளம்புவதா என்பது மட்டும்தான் நம் கையில் என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

பிலோமினாவின் கை வீக்கம் வடிந்தது. ஆறு மாதத்தில் குடம் தூக்கினாள், தேங்காய் துருவினாள், ஒரு நாள் காலை சூசை சீப்பை எடுக்கும் முன்பே தானே தலை பின்னிக்கொண்டு வந்து நின்றாள். அவன் சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு, "கோணலா இருக்கு" என்றான். கோணலாக இல்லை.

மாவட்டப் போட்டி அந்த வருஷம் ஆனைக்கல்பட்டியில் என்று முடிவாயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை நடக்கப்போகிற போட்டிக்கு அறுநூறு தோட்டா வேண்டும். அதற்கு ஒன்பது நாள் முன்னால் வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் கூடுகள் கைக்கு வந்தால்தான் மருந்து போட்டு, எடை பார்த்து, பெட்டி கட்ட முடியும் என்றார் மகுடபதி. பிலோமினா அன்று காலை ஏழு மணிக்கு உட்கார்ந்து, திருகை முதல் தடவையாக ஆறு வரை முழுசாகத் திருப்பினாள். டிரில் குளவிக் கூட்டம் மாதிரி ரீங்காரம் போட்டது. பித்தளைத் தூள் அவள் புருவத்திலும் இமையிலும் படிந்தது. பன்னிரண்டு அடிக்கும்போது அறுநூறாவது கூட்டைப் பலகையில் வைத்தாள்.

போட்டிக்கான டார்கெட் தாள்கள் சூசையின் ஷெட்டில் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன. சுருட்டி வைத்த இடத்திலேயே அவற்றில் ஓட்டைகள் விழுந்தன. மதியம் சூசை அவற்றை விரித்து எண்ணினான். ஐந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது இருந்தது. மறுபடி எண்ணினான், மூலையெல்லாம் தேடினான், ஷெட் சுவரைப் பார்த்தான், தண்ணீர்ப் பானையைப் பார்த்தான். பிறகு வியர்வைக்காகக் கழற்றி ஆணியில் மாட்டியிருந்த தன் காக்கிச் சட்டையை எடுத்துப் போட்டுப் பொத்தான் போடும்போது, இடது பாக்கெட்டில் விரல் நுழைந்து மறுபக்கம் வந்தது.

அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

புதன்கிழமை கிளப்புக்கு விடுமுறை, வீட்டில் துவைக்கிற நாள். பிலோமினா கொல்லைக் கல்லில் சட்டையை விரித்து சோப்புப் போடும்போது பாக்கெட்டில் ஓட்டையைப் பார்த்தாள், திருப்பினாள், முதுகுப்பக்கம் இன்னொன்றைப் பார்த்தாள். கறுப்பு வளையத்தைச் சோப்புப் போட்டுத் தேய்த்தாள், போகவில்லை. ஈரக் கையோடு உள்ளே போய் ஊசியும் காக்கி நூலும் எடுத்து வந்து அங்கேயே உட்கார்ந்து தைத்தாள். முடிச்சுப் போட்டு நூலைக் கடித்ததும் தையல் தானாகப் பிரிந்து, நூல் நேராகி அவள் மடியில் விழுந்தது.

சூசை விறகு பிளந்துகொண்டிருந்தான். அவள் சட்டையை அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"எப்பப் பாத்தீங்க?"

"வெள்ளிக்கிழம."

"சனி, திங்கள், செவ்வாய், மூணு நாளு இதையே போட்டுட்டுப் போயிருக்கீங்க."

"ஒம்பது நாள் இருக்குல்ல பிலோ. எட்டாம் நாள் கழட்டி வச்சிருவோம்னு இருந்தேன்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

அவன் கோடாலியைக் கீழே வைத்தான். "சொன்னா மெஷினத் தூக்கிப் போட்டுருவாங்க. அதுக்கப்புறம் நீ பழையபடி கையால சுத்துவ." அவள் மணிக்கட்டைப் பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டான். "அதை மறுபடி என்னால பாக்க முடியாதும்மா."

அவளுக்கு அவனை அடிக்கலாம் போல இருந்தது. அடிக்கத்தான் அடித்தாள், ஈரச் சட்டையால் தோளில் ரெண்டு. பிறகு அந்தச் சட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதாள். நான் ராவினதுங்க, என் கையால ராவினது என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

அன்று மதியமே கிளப் கூடிவிட்டது, விடுமுறை நாள் என்றாலும் டீக்கடையோடு சேர்த்து எழுபது பேர். சட்டையை எரித்துவிடலாம் என்றார் செயலாளர் வைத்தியலிங்கம். சட்டை இல்லாவிட்டால் குண்டுக்கு அடையாளம் தெரியாமல் போய்விடும், உள்ளே இருந்த ஆளைத் தேடும் என்றார் தனபால். பக்கெட் விஷயத்துக்குப் பிறகு அவர் பேச்சுக்கு மதிப்பு இருந்தது. சூசையை ஞாயிற்றுக்கிழமை திண்டுக்கல்லுக்கு அனுப்பிவிடலாம் என்றார்கள் சிலர். குண்டு திண்டுக்கல் வரைக்கும் போனால் நடுவில் எத்தனை வீடு, எத்தனை பஸ் என்று டீக்கடைக்காரர் கேட்டார்.

அப்போது பஜாரில் தையல் கடை வைத்திருந்த கமாலுதீன் பாய் சட்டையைக் கொடுங்கள் என்று வாங்கினார். கிளப்பின் காக்கிச் சட்டைகள் எல்லாம் அவர் தைத்தவை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதுகு ஓட்டையைப் பார்த்தார், பாக்கெட் ஓட்டையைப் பார்த்தார், நூல் நுனிகளை ஊசியால் தொட்டுப் பார்த்தார்.

"முதுகில நூலு உள்பக்கமா மடங்கியிருக்கு. பாக்கெட்டுல வெளிப்பக்கமா பிதுங்கியிருக்கு. முதுகு வழியா வந்து நெஞ்சு வழியாப் போகுது" என்றார். "சூசை, சட்டையப் போடுங்க."

பிலோமினா குறுக்கே கையை நீட்டினாள். இன்னும் நாலு நாள் இருக்கிறது என்று மகுடபதி சொன்ன பிறகுதான் விட்டாள். சூசை போட்டுக்கொண்டு நின்றான். கையைத் தொங்கப்போட்டால் பாக்கெட் ஓட்டை மூன்று விரற்கடை கீழே இருந்தது. பாய் அவன் இடது கையைப் பிடித்து மெல்ல மேலே தூக்கினார். பாக்கெட் மேலேறி, இரண்டும் ஒரே மட்டத்துக்கு வந்தன. அந்த நிலையில் அவனை அப்படியே நிறுத்திவிட்டு அவர் பின்னால் நகர்ந்தார். எல்லோரும் பார்த்தார்கள். சூசை இடது கையால் தாளைப் பிடித்து ஒட்டும்போது எப்படி நிற்பானோ அப்படி நின்றுகொண்டிருந்தான்.

"வெறும் சட்டை கொடியில தொங்கும்போது இந்த ஓட்டை விழாது" என்றார் பாய் தாழ்ந்த குரலில். "உள்ள ஒரு உடம்பு இருந்திருக்கு."

சூசை கையை இறக்கவும் மறந்து நின்றான். பிலோமினாதான் எழுந்து போனாள். சட்டையின் பாக்கெட்டைப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தாள்.

"பாய், ஈயக் கறை முன்னாடியே வந்துருச்சில்ல?"

"வந்துருச்சு."

"குண்டோட வர்றது எல்லாமே முன்னாடியே வந்துருது. அப்ப ரத்தமும் வந்திருக்கணும்ல? பதினெட்டு வருஷமா இவரு சட்டைய நான்தான் துவைக்கிறேன். ஒரு சொட்டுக் கறை இல்ல. உள்ள உடம்பு இருந்திருக்கு, சரி. ஆனா அது ரத்தம் ஓடுற உடம்பு இல்ல."

கமாலுதீன் பாய் அவளை நிமிர்ந்து பார்த்தார். "உமி" என்றார். "ரைஸ் மில்லுல கேட்டா எத்தனை மூட்டை வேணும்னாலும் குடுப்பாங்க."

இப்படியாக வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் ஆனைக்கல்பட்டியில் ஒரு ஆள் உருவானான். பாய் சூசையை நிறுத்தி மார்பு, இடுப்பு, தோள் என்று கல்யாண மாப்பிள்ளைக்கு எடுப்பதைவிடக் கவனமாக அளவெடுத்து, கோணித்துணியில் உடம்பு தைத்தார். ரைஸ் மில்லிலிருந்து உமி வந்தது. கால்நடை டாக்டர் பூங்கோதை, கிளப்பில் நன்றாகச் சுடுகிறவர்களில் ஒருத்தி, தோள்மூட்டு எங்கே திரும்பும், முதுகெலும்பு எப்படி வளையும் என்று காட்டிக் கொடுத்தாள். தச்சர் ஒருவர் உள்ளே மூங்கில் வைத்தார். சூசையின் கூன் இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று டீக்கடைக்காரர் சொன்னார், அது உண்மைதான் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். போகிறவர் வருகிறவர் ஆளுக்கொரு கை உமி திணித்தார்கள். பாய் ஒரு நீளமான கம்பியை முதுகு ஓட்டையில் விட்டுப் பாக்கெட் ஓட்டையில் எடுத்து, அது பூமிக்குச் சமமாகவும் சுடும் மேடைக்கு நேராகவும் இருக்கும்வரை இடது கையை ஏற்றி இறக்கித் தைத்தார். முகம் வைக்கவில்லை. வைக்க வேண்டாம் என்று பிலோமினா சொல்லிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தாம் நம்பரில், தாள் மாட்டாத டார்கெட் கட்டைக்கு முன்னால் அந்த உமி ஆளை, சூசையின் சட்டையோடு, முதுகு காட்டி நிறுத்தினார்கள். குழியில் யாரும் இல்லை. ஓட்டைகள் ஏற்கெனவே இருப்பதால் புள்ளி சொல்லவும் ஆள் தேவைப்படவில்லை. சூசை பனியனோடு மேடையில் நின்றான். வெளியூர் அணிகள் தாங்கள் இரண்டாவதாகவும் நாலாவதாகவும் வரப்போவதைத் தாள்களில் பார்த்துவிட்டு, மதியச் சாப்பாட்டில் பிரியாணியா என்று மட்டும் விசாரித்துக்கொண்டு இடத்தில் படுத்தன. அறுநூறு கூடுகளும் ஏழிலிருந்து பன்னிரண்டுக்குள் ராவப்பட்டவை என்பதால், அறுநூறு குண்டுகளும் ஏழிலிருந்து பன்னிரண்டுக்குள் போயாக வேண்டும்.

ஒவ்வொரு குண்டுக்கும் மேடையில் இருந்த எல்லோருடைய மூச்சும் நின்று நின்று வந்தது. எந்தத் தோட்டா என்று யாருக்கும் தெரியாது. சுடுகிறவர்கள் விசையை இழுத்ததும் நிமிர்ந்து, தூரக்கண்ணாடியோடு நின்ற பாயைப் பார்த்தார்கள். பாய் ஐந்தாம் நம்பர் மேலிருந்து கண்ணை எடுக்காமல் இல்லை என்று தலையாட்டினார். நூறு, இருநூறு, நானூறு. வெயில் ஏறியது. பதினொன்றே முக்காலுக்கு டாக்டர் பூங்கோதை தன் பெட்டியிலிருந்த கடைசிக்கு முந்தின தோட்டாவைச் சுட்டாள், அது பத்தில் போய் விழுந்தது. பெட்டியில் ஒன்று மிச்சம். மற்றவர்களின் பெட்டிகளெல்லாம் காலி.

பூங்கோதை ரைபிளைக் கீழே வைத்தாள். "இத என்னால சுட முடியாது சார்."

அப்போது பாய், "கை இறங்கிப்போச்சு" என்று கத்தினார்.

எல்லோரும் கண்ணாடியைப் பிடுங்கிப் பார்த்தார்கள். ஐந்து மணி நேரக் காற்றிலும் அதிர்விலும் உமி கீழே படிந்து, ஆளின் இடது கை ஒரு சாண் தாழ்ந்து தொங்கியது. ஓட்டைகள் நேரில் இல்லை. உமி ஆள் நேரில் இல்லாவிட்டால் குண்டு வேறு எந்த உடம்பைத் தேடும் என்று எல்லோருக்கும் தெரியும். சூசை தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மேடையிலிருந்து குதித்து ஓட ஆரம்பித்திருந்தான்.

"ஏங்க!"

"கையக் கட்டிட்டு வந்துர்றேன்!" என்று திரும்பாமலே சொன்னான்.

மகுடபதி சிவப்புக் கொடியை ஏற்றினார். ஆனால் தானாகக் கிளம்புகிற குண்டுக்குக் கொடி தெரியாது. சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டுக்கு எட்டு நிமிஷம். பிலோமினா பெட்டியிலிருந்து அந்தத் தோட்டாவை எடுத்தாள். அவள் ராவிய கூடு, மற்றதைப் போலவே மஞ்சளாக, கனமாக, சில்லென்று இருந்தது. உள்ளங்கையில் வைத்து மூடினாள். இது தானாகப் போனால் முதலில் என் கையைத் துளைத்துவிட்டுப் போகட்டும், அந்த ஒரு நொடி தாமதமாவது அவருக்குக் கிடைக்கட்டும் என்று நினைத்தாள். மூன்று பேர் வேண்டாம் என்று சொன்னார்கள். அவள் காதில் விழவில்லை. தூரத்தில் பனியன் போட்ட ஒரு ஆள், சட்டை போட்ட ஒரு ஆளுக்குப் பின்னால் நின்று, அவன் கையைத் தூக்கிப் பிடித்துத் துண்டால் டார்கெட் கட்டையோடு கட்டிக்கொண்டிருந்தான். இரண்டு பேருக்கும் ஒரே கூன்.

நாலு நிமிஷம் இருக்கும்போது போன் அடித்தது.

"கட்டியாச்சு பிலோ."

"குழிக்குள்ள இறங்குங்க."

"இறங்கிட்டேன்."

"உக்காருங்க."

"உக்காந்துட்டேம்மா. தலையில கைய வச்சுக் குனிஞ்சு உக்காந்திருக்கேன். போதுமா?"

அவள் போனை வைக்காமல் பக்கத்தில் கிடத்திவிட்டு, பூங்கோதை விட்ட இடத்தில் படுத்தாள். "சார், எப்படின்னு சொல்லுங்க."

மகுடபதி உறுப்பினர் அல்லாதவர் சுடக்கூடாது என்ற விதியைச் சொல்ல வாயெடுத்து, கொடியை இறக்கி, அவள் பக்கத்தில் மண்டியிட்டார். தோளில் இறுக்கு, கன்னத்தை ஒட்டு, மூச்சைப் பாதியில் நிறுத்து, விசையை இழுக்காதே, அழுத்திக்கொண்டே போ என்றார். குறியில் சூசையின் முதுகு தெரிந்தது. பதினெட்டு வருஷமாகத் துவைத்த முதுகு. அது உமி என்று தெரிந்தும் அவள் கண் கலங்கியது, கலங்கியபடியே அழுத்தினாள்.

தோளில் உதை விழுந்தது. சத்தம் மலையில் மோதித் திரும்பி வந்து அடங்கியது.

சட்டை அசையவே இல்லை. கீழே கிடந்த போனிலிருந்து ஒன்றும் கேட்கவில்லை. அவள் அதை எடுத்துக் காதில் வைத்து, "என்னங்க" என்றாள். "என்னங்க... பேசுங்க."

"இரு, மேல ஏறிப் பாக்கணும்ல" என்றது போன். மண்ணில் காலடிச் சத்தம். பிறகு: "பாக்கெட் வழியா உமி கொட்டுது பிலோ. சரசரன்னு கொட்டுது. நெல்லு மில்லு மாதிரி."

மேடையில் எழுபது பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். கமாலுதீன் பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டுக்கொள்ளாமல் மறுபடி துடைத்தார். பிலோமினா படுத்த இடத்திலிருந்து எழுந்திருக்கவில்லை. கன்னத்தை ரைபிளின் கட்டையில் வைத்துக்கொண்டு அப்படியே கிடந்தாள்.

கிளப் கூட்டத்தில் டிரில்லை எடுத்துவிடுவதா என்று ஓட்டெடுப்பு நடந்தது. சூசை எழுந்து, எடுத்தால் நானும் போகிறேன் என்றான். திருகை ஒன்றுக்கு மேல் திருப்பக்கூடாது என்று தீர்மானம் போட்டு, அந்தத் திருகின் மேல் மகுடபதி ஒரு ஆணியை அடித்து நிறுத்தினார். கால் மணி நேரம் முந்தி விழுகிற ஓட்டைகளோடு ஊர் பழையபடி இருந்தது.

இரண்டு வாரம் கழித்துப் பிலோமினா செயலாளரிடம் போய், சுடுகிறவர்கள் ரெஜிஸ்டரில் என் பேரையும் எழுதுங்கள் என்றாள். வைத்தியலிங்கம் ஏன் என்று கேட்டார். தோளில் அந்த உதை இன்னும் இருக்கிறது, அது நன்றாக இருக்கிறது என்றாள். வேறு காரணம் சொல்லத் தெரியவில்லை. மகுடபதி பீரோவைத் திறந்து, கம்பெனியிலிருந்து வந்து இன்னும் ஒரு தடவைகூடச் சுடப்படாத புதுத் தோட்டாக்கள் ஐந்து எடுத்துக் கொடுத்தார். எந்த மெஷினிலும் ராவாத கூடுகள். எந்தத் தாளிலும் அவற்றுக்கு ஓட்டை இல்லை.

காலை பத்து மணி. அவள் படுத்து, ஐந்தையும் நிதானமாகச் சுட்டாள். கொடி ஏறியது. சூசை குழியிலிருந்து மேலே வந்து தாளுக்கு முன்னால் நெடுநேரம் நின்றான். தாளின் பின்பக்கம் போய்ப் பார்த்தான். போன் அடித்தது.

"என்ன புள்ளிங்க?"

"ஒண்ணுமே இல்ல. தாளையே தொடல."

"அஞ்சும் எங்க போச்சு?"

"எனக்கெப்படித் தெரியும்?" என்றான் சூசை. "மலைக்குள்ள எங்கயோ போயிருக்கு."

அவள் சிரித்தாள். முதலில் மெதுவாக, பிறகு அடக்க முடியாமல், ரைபிள் மேல் குப்புற விழுந்து சிரித்தாள். முந்நூறு மீட்டர் தாண்டி அவனும் சிரிப்பது போன் இல்லாமலே கேட்டது. பக்கத்து இடத்தில் படுத்திருந்த பூங்கோதை திரும்பிப் பார்த்தாள். பிலோமினா கண்ணைத் துடைத்துக்கொண்டு மகுடபதியிடம் கையை நீட்டி, "இன்னும் அஞ்சு குடுங்க சார்" என்றாள்.